அட்டை இலக்கம் மாறினால் காசு எங்கே போகும்?



சென்ற மாதம் நொச்சிமோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை என்னைத் தேடி வந்தாள். கையில் மடித்து மடித்துக் கிழியும் நிலையில் ஒரு பற்றுச்சீட்டு. லண்டனில் இருக்கும் அவளுடைய அண்ணன், கொழும்புக் கடையொன்றில் தன்னுடைய கடனட்டையால் காசு கட்டி, அவளுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி அனுப்பியிருக்கிறார். பெட்டி குளிரவில்லை. கடைக்காரர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். காசை அண்ணனுடைய அட்டைக்கே அனுப்பிவிட்டோம் என்று சொல்கிறார்கள். ஆனால் அண்ணனுடைய அட்டை இடையில் மாறிவிட்டது.

“அக்கா, பழைய நம்பருக்குப் போன காசு இனி வருமே? ஆரும் எடுத்திருப்பினமோ?” என்று கேட்டாள். கேட்கும்போதே கண் கலங்கியது. காசு ஒருபுறம் இருக்க, கிழமைக்கு இரண்டு தரம் எடுக்கிற அண்ணன் இப்போது எடுப்பதில்லையாம். அதுதான் அவளுக்குப் பெரிய துக்கம். அது எனக்கு நன்றாகவே விளங்கியது. 2022 ஆம் ஆண்டில் நானும் அதே இடத்தில் நின்றவள். அந்தக் கதையை இந்தப் பக்கத்தில் இதுவரை நான் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது என்பதே உண்மை.

ஓமந்தையில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து தையல் செய்கிறோம். பாடசாலைச் சீருடை, சட்டை, பாவாடை, இடைக்கிடை கோயிலுக்குத் திரைச்சீலை. அப்போது எங்களிடம் இருந்தவை காலால் மிதிக்கும் மெசின்கள் இரண்டு. தைத்த உடுப்பின் உள்ளோரம் நூல் பிரியாமல் இருக்க ஓவர்லொக் அடிக்க வேண்டும். அதற்கு வவுனியாவுக்குப் பஸ் ஏறுவோம். போக வரக் காசு, அங்கே அடிக்கிற கூலி, வரிசையில் காத்திருக்கிற அரைநாள். இவ்வளவும் போனால் ஒரு சீருடையில் எங்களுக்கு மிஞ்சுவது தேநீர்க் காசு. இதை ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவிடம் ஒருநாள் கதையோடு கதையாகச் சொன்னேன். உதவி கேட்டுச் சொல்லவில்லை. அக்கா உடனே, “ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை? நான் எடுத்துத் தாறன்” என்றார்.

2022 மாசி மாதம் 9 ஆம் திகதி, கொழும்பில் உள்ள ஒரு கடையில் மின்சார ஓவர்லொக் மெசின் ஒன்றை எங்களுக்காக வாங்கினார். விலை 96,000 ரூபா. தன்னுடைய கனடாக் கடனட்டையாலேயே கட்டினார். பத்து நாளில் லொறியில் மெசின் வந்து இறங்கியது. ஊதுபத்தி கொளுத்தி, சந்தனம் வைத்து, முதல் உடுப்பை அடித்தோம். மூன்றாம் நாள் மோட்டரில் இருந்து புகை வந்தது. வவுனியாவில் மெசின் திருத்துபவர் கழற்றிப் பார்த்துவிட்டு, “உள்ளுக்குக் காயில் எரிஞ்சு போச்சு. இது புது மோட்டர் மாதிரித் தெரியேல்லை, அக்கா” என்றார்.

அதன் பிறகு நடந்ததை நீட்டி முழக்கத் தேவையில்லை. அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். டீசல் இல்லை, லொறி இல்லை. பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கடைக்காரர் முதலில் மெசினை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிய பிறகு, மின்சாரம் கூடிக் குறைந்ததால் எரிந்தது, பிழை உங்களுடையது என்றார்கள். புது மெசின் தாருங்கள் என்றால் இருப்பில் இல்லை, இறக்குமதி நின்றுபோயிற்று என்றார்கள்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். அதன்படி நாம் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தந்தேயாக வேண்டும். வாங்கிய பொருளில் குறை என்றால் அந்த அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் செய்ய வேண்டும். “வாறகிழமை பாப்பம், அடுத்த கிழமை பாப்பம்” என்று கடைக்காரர் இழுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த மூன்று மாதமும் ஓடிவிடும். எனக்கு வைகாசி 9 உடன் முடிய இருந்தது. சித்திரை கடைசியில் கடிதத்தை எழுதி, பற்றுச்சீட்டுப் பிரதி, மெசின் திருத்துபவர் எழுதித் தந்த துண்டு, லொறிக்காரரின் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் படம் எடுத்துக் கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இன்ன திகதியில் இதைப் பதிவுத் தபாலில் போடப் போகிறேன் என்றும் எழுதினேன். சத்தம் போடவில்லை. இரண்டு நாளில் மறுமொழி வந்தது. முழுக் காசையும் திருப்பித் தருகிறோம் என்றார்கள்.

“எனக்கு இஞ்சை என்ர வங்கிக்கணக்கிலை போடுங்கோ” என்று கேட்டேன். அது முடியாது, காசு எந்த அட்டையால் கட்டப்பட்டதோ அதே அட்டைக்குத்தான் போகும் என்றார்கள். அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னது சரிதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விசா, மாஸ்டர்காட் போன்ற அட்டை நிறுவனங்களின் விதியே அப்படித்தான். இல்லாவிட்டால், களவெடுத்த அட்டையால் பொருள் வாங்கி, அடுத்த நாள் திருப்பிக் கொடுத்துக் கையில் காசாக வாங்கிப் போகலாம் அல்லவா? அதைத் தடுப்பதற்காக ஏற்படுத்திய விதி அது.

வைகாசி 11 ஆம் திகதி, காசு அனுப்பிய சீட்டைக் கடையில் இருந்து படம் எடுத்து அனுப்பினார்கள். அதில் அட்டை இலக்கத்தின் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிந்தன. மற்றவை எல்லாம் புள்ளிகள். அதை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். இரவு அக்கா எடுத்தார்.

“இது என்ர காட் இல்லையே.”

“என்னக்கா சொல்லுறியள்?”

“என்ர காட்டிலை கடைசி நாலு நம்பரும் வேறை. இது ஆற்றையோ.”

எனக்குக் கை கால் ஓடவில்லை. அடுத்த நாள் கடைக்கு எடுத்துக் கேட்டால், நீங்கள் எந்த அட்டையால் கட்டினீர்களோ அதற்கே அனுப்பினோம் என்று ஒரே பேச்சாக நின்றார்கள். மாசி மாதப் பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே நான்கு எண்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அக்கா? அக்காவிடம் திருப்பிக் கேட்டபோதுதான் நினைவு வந்து சொன்னார். சித்திரை மாதம் யாரோ அவருடைய அட்டை இலக்கத்தைக் கொண்டு எங்கோ பெற்றோல் அடிக்கப் பார்த்திருக்கிறார்கள். வங்கி அந்த அட்டையை நிறுத்திப் புது அட்டை அனுப்பியிருக்கிறது. பழையதைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்.

“அப்ப வெட்டின காட்டுக்கு அனுப்பியிருக்கினம். இனி எங்கை வரப்போகுது?” என்றார்.

ஒரு கிழமை போயிற்று. பத்து நாள் போயிற்று. அக்கா காசு வரவில்லை என்றார். பிறகு அக்கா எடுப்பது குறைந்தது. ஒருநாள் நான் எடுத்தபோது அத்தான் பின்னால் நின்று சொன்னது காதில் விழுந்தது. “கடைக்காரன் காசை அங்கையே குடுத்திருப்பான். வடிவாக் கேட்டுப் பார்.” அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை.

சகோதரிகளே, போரில் வீடு போனது, மாடு கன்று போனது, ஆட்களையும் இழந்தோம். அப்போதெல்லாம் என்னை யாரும் கள்ளி என்று நினைத்ததில்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மெசினே வேண்டாம், அந்த 96,000 ரூபாவையும் சீட்டுப் பிடித்தாவது அக்காவுக்கு அனுப்பிவிடுவோம் என்று கூட நினைத்தேன். அனுப்பியிருந்தால், நான் எடுத்ததாகவே ஆகியிருக்கும்.

என்னிடம் முன்பு தையல் பழகிய பிள்ளை ஒருத்தி இப்போது வவுனியாவில் வங்கியொன்றில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கு முதலில் எரிச்சல் வந்தது.

“ரீச்சர், உங்கடை அடையாள அட்டை இலக்கம் எத்தினை எண்?”

“பழையதிலை ஒன்பது எண்ணும் ஒரு எழுத்தும். புதுசிலை பன்னிரண்டு.”

“இலக்கம் மாறினாப் பிறகு நீங்கள் வேறை ஆளோ?”

நாட்டில் 2016 ஆம் ஆண்டு தொடக்கம் 12 எண் கொண்ட அடையாள அட்டை கொடுக்கிறார்கள். பழைய இலக்கத்தைக் கொண்டு ஒருவர் வந்தால் பதிவேட்டில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். இரண்டு இலக்கமும் ஒரே ஆளுக்கு உரியவை. கடனட்டையும் அப்படித்தான் என்றாள். அட்டையில் உள்ள 16 எண்களும் அந்தப் பிளாஸ்ரிக் துண்டின் இலக்கம். அதற்குப் பின்னால் வங்கியில் ஒரு கணக்கு இருக்கிறது. அட்டை தொலைந்தாலோ, களவு போனாலோ, காலாவதியானாலோ இலக்கம் மாறலாம். ஆனால் கணக்கு அதே ஆளின் பெயரில் அப்படியே இருக்கும். பழைய இலக்கத்துக்குப் பதிலாகப் புதிய இலக்கம் கொடுத்தோம் என்ற விபரமும் வங்கியிடம் இருக்கும். ஆகவே, கடைக்காரர் பழைய இலக்கத்துக்கு அனுப்புகிற காசு அட்டையைத் தந்த வங்கிக்குத்தான் போய்ச் சேருகிறது. வங்கி அதைப் பொதுவாகப் புது அட்டையின் கணக்கில் சேர்த்துவிடும். நிறுத்திய அட்டையால் பொருள் வாங்க முடியாது. ஆனால் அந்த இலக்கத்துக்கு வரும் காசை வங்கி வாங்கிக்கொள்ளும். பழைய இலக்கத்தை உடனே இன்னொருவருக்குக் கொடுத்து, காசு அவரிடம் போய்விடும் என்று நாங்கள் பயந்தது வீண் பயம்.

அட்டை மாறுவதும் கணக்கை மூடுவதும் ஒன்றல்ல. ஒருவர் அந்த வங்கியே வேண்டாம் என்று கடனட்டைக் கணக்கையே மூடியிருந்தால் சிக்கல் உண்டு. அப்போதும் சில வங்கிகள் காசை வாங்கி வைத்துக்கொண்டு பழைய வாடிக்கையாளருக்குக் காசோலை அனுப்பும். சில வங்கிகள் கடைக்காரரின் வங்கிக்கே திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திரும்பினால், கணக்கு மூடப்பட்டது என்று வங்கியிடம் ஒரு கடிதம் எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்து, வேறு வழியில் தரும்படி கேட்க வேண்டும். அக்காவுடைய கணக்கு மூடப்படவில்லை. இலக்கம் மட்டுமே மாறியிருந்தது.

“அப்ப காசு எங்கை?” என்று கேட்டேன்.

“வந்திருக்கும் ரீச்சர். அக்காவுக்குத் தேடத் தெரியேல்லை.”

ஒவ்வொரு அட்டைக் கொடுக்கல் வாங்கலுக்கும், திருப்பி அனுப்புகிற காசுக்கும், 23 எண் கொண்ட ஒரு தொடர்பிலக்கம் இருக்கிறதாம். ஆங்கிலத்தில் ஏ.ஆர்.என். என்பார்கள். கடைக்காரருடைய வங்கி அதைக் கொடுக்கும். அந்த இலக்கத்தை வைத்துக் கனடாவில் உள்ள வங்கி காசு எங்கே நிற்கிறது என்று தேடலாம். கடைக்கு எடுத்து அதைக் கேட்டேன். அப்படி ஒன்றும் எங்களிடம் இல்லை என்றார்கள். கணக்காளரைத் தாருங்கள் என்றேன். அவர் மதியம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பின்னேரம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மூன்றாம் நாள் இலக்கம் வந்தது. 23 எண்ணையும் ஒரு கொப்பியில் பெரிதாக எழுதி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அக்காவுக்கு அனுப்பினேன். கூடவே, “அக்கா, பழைய காட் நம்பரையும் சொல்லிக் கேளுங்கோ” என்று எழுதினேன். வேறு ஒன்றும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலை நான்கரைக்குப் போன் அடித்தது. அங்கே முதல் நாள் பின்னேரம். அக்கா அழுதுகொண்டே கதைத்தார். காசு வைகாசி 16 ஆம் திகதியே வந்துவிட்டதாம். இரண்டு கிழமைக்கு மேலாக அது அவருடைய கணக்கிலேயே கிடந்திருக்கிறது.

ஏன் தெரியவில்லை? ஒன்றல்ல, மூன்று காரணம். அக்கா தன்னுடைய சம்பளம் வருகிற கணக்கில் காசு வந்து விழும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கடனட்டைக்குத் திருப்பி வருகிற காசு கையில் வராது. அட்டையில் உள்ள கடனைக் குறைக்கும், அவ்வளவுதான். பிறகு கடனட்டையின் வங்கிக்கூற்றைப் பார்த்தபோது கடையின் பெயரைத் தேடியிருக்கிறார். அதில் இருந்ததோ அந்தக் கடையை நடத்துகிற கம்பனியின் பதிவுப் பெயர். பலகையில் ஒரு பெயர், பதிவில் வேறு பெயர். மூன்றாவது காரணம்தான் பெரியது. அக்கா தேடியது 600 டொலர் சொச்சத்தை. வந்திருந்தது 340 டொலர் அளவில்.

இதைச் சொன்னபோது அக்காவின் குரல் திரும்பவும் மாறியது. “அப்ப கடைக்காரன் அரைவாசியை வெட்டிப்போட்டான் என்ன?” என்றார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சீட்டை எடுத்துப் பார்த்தேன். 96,000 ரூபா முழுவதும் அனுப்பப்பட்டிருந்தது. ஒரு சதமும் குறையவில்லை.

விழுந்தது எங்களுடைய ரூபா. 2022 மாசி மாதத்தில் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. பங்குனி 7 ஆம் திகதி மத்திய வங்கி அந்தப் பிடியைத் தளர்த்தியது. வைகாசி நடுப்பகுதியில் டொலர் 360 ரூபா அளவுக்குப் போய்விட்டது. கனடா டொலரும் அதே வழியில் 158 அளவிலிருந்து 280 அளவுக்கு ஏறியது. அக்கா வாங்கிய அன்று 96,000 ரூபாவுக்கு 600 டொலருக்கு மேல் கொடுத்தார். திருப்பிய அன்று அதே 96,000 ரூபாவுக்கு 343 டொலர்தான். காசு திரும்பி வருகிற போது வாங்கிய நாள் வீதத்தைப் பார்ப்பதில்லை, திருப்பிய நாள் வீதத்தையே பார்க்கிறார்கள். வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலுக்கென்று முதலில் வங்கி எடுத்த கட்டணமும் திரும்பி வரவில்லை. கடைக்காரர் இழுத்தடித்த அந்த இரண்டரை மாதம்தான் அக்காவுடைய 260 டொலரைத் தின்றது. அதற்கு யாரிடம் போய் முறையிடுவது? மாசி கடைசியிலேயே கடிதம் எழுதியிருந்தால் இவ்வளவு போயிருக்காது. சித்திரை கடைசிவரை பொறுத்திருந்தது என்னுடைய பிழை.

அக்காவுக்கு இன்னொரு வழியும் இருந்திருக்கிறது என்று பிறகு அறிந்தேன். பொருள் பழுது, கடைக்காரர் காசு தர மறுக்கிறார் என்றால், அட்டைக்காரர் தன்னுடைய வங்கியிடமே பிணக்கு எழுப்பலாம். வங்கி கடைக்காரரின் வங்கியிடம் இருந்து காசைத் திருப்பிக் கேட்கும். பெரும்பாலும் 120 நாள் என்ற எல்லை அதற்கு உண்டு. அதை அட்டைக்காரர் மட்டுமே செய்யலாம், பொருளைப் பெற்றவர் செய்ய முடியாது. எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் இடைஞ்சல். பழுதான பொருளும் பற்றுச்சீட்டும் ஓமந்தையில் இருக்கும். கேட்கிற உரிமை ரொறன்ரோவில் இருக்கும். நடுவில் ஒரு போன். ஆகவே பொருள் வந்த அன்றே பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பியவருக்கும் அனுப்பி வையுங்கள். பழுது என்றால் அன்றே சொல்லுங்கள். “அனுப்பினவை மனம் நோவினம்” என்று ஒளித்து வைக்காதீர்கள். நான் முதல் மூன்று கிழமையும் அக்காவுக்குச் சொல்லவேயில்லை.

கடதாசிகளைச் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்கு அம்மாவிடம் இருந்து வந்தது. 1997 இல் ஜெயசிக்குறு தொடங்கியபோது ஓமந்தையை விட்டு ஓடிய நாங்கள், 2009 இல் அதே ஓமந்தைச் சோதனைச் சாவடி வழியாகத்தான் திரும்பி வந்தோம். அம்மாவின் இடுப்பில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு வங்கிப் புத்தகம். தண்ணீரில் நனைந்து புத்தகத்தின் இலக்கம் அழிந்துபோயிருந்தது. மெனிக்பாம் முகாமில் இருந்தபோது அம்மா அதை வங்கி உத்தியோகத்தரிடம் நீட்டி, “நம்பர் இல்லை, என்ர பேர் இருக்கு” என்றார். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வைத்துக் கணக்கைத் தேடி எடுத்துத் தந்தார்கள். இப்போதும் எமது சகோதரிகள் பலரிடம் அப்படிப் பழைய புத்தகங்கள் உண்டு. 10 வருடம் எவ்வித கொடுக்கல் வாங்கலும் இல்லாத கணக்கின் காசை வங்கிகள் மத்திய வங்கிக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. மாற்றிய பிறகும் அந்தக் காசு உரியவருடையதே. அந்த வங்கிக்குப் போய் ஆளை உறுதிப்படுத்தி விண்ணப்பித்தால் கேட்டுப் பெறலாம். பெட்டிக்கு அடியில் கிடக்கிற புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒருநாள் போய் வாருங்கள்.

வெளிநாட்டில் யாரும் இல்லை, கடனட்டையும் இல்லை, இது எமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். உங்களிடம் உள்ள ஏ.ரி.எம். அட்டைக்கும் இதே கதைதான். அது தொலைந்து புது அட்டை எடுத்தால் அட்டையின் இலக்கம் மாறும். வங்கிப் புத்தகத்தில் உள்ள கணக்கிலக்கம் மாறாது. பழைய அட்டையால் கடையில் வாங்கிய பொருளைத் திருப்பினால், காசு பொதுவாக அதே கணக்குக்கே வரும். வராவிட்டால் கடைக்காரரின் சீட்டுடன் முதலில் உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். வங்கி சரியான பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். கடைக்காரரைப் பற்றிய முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.

இன்னொன்று. எங்கள் சங்கத்தில் ஒரு அம்மாவுக்குப் போன் வந்தது. “உங்களுக்கு ஒரு கடையில் இருந்து றீபண்ட் வந்திருக்கு. உங்கடை பழைய காட் நிப்பாட்டியிருக்கு. புதுக் காட் நம்பரையும் இப்ப போனுக்கு வாற ஓ.ரி.பி. நம்பரையும் சொல்லுங்கோ, போட்டுவிடுறம்” என்று நல்ல தமிழில் கதைத்திருக்கிறார்கள். பேத்தி பக்கத்தில் நின்றபடியால் தப்பினார். காசு உங்களுக்கு வருவதற்கு உங்களுடைய பின் இலக்கமோ, ஓ.ரி.பி. இலக்கமோ, அட்டையின் பின்பக்கத்தில் உள்ள மூன்று எண்ணோ எவருக்கும் தேவையில்லை. அவை காசை வெளியே எடுப்பதற்கு உரியவை. கேட்டால் போனை வையுங்கள். மரியாதைக் குறைவு என்று யோசிக்க வேண்டாம்.

மெசின் கதைக்கு வருகிறேன். அக்கா அந்த 343 டொலரை அப்படியே எனக்கு அனுப்பினார். வைகாசியில் அந்த 96,000 ரூபாவுக்கு அதே மெசின் கிடைக்கவில்லை. ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கேட்டார்கள். நாங்கள் மூவரும் சீட்டுப் பிடித்தும், வவுனியாவில் பாவித்த மெசின் ஒன்றைத் தேடியும், கார்த்திகை மாதம்தான் ஒன்றை வாங்கினோம். இம்முறை கடையிலேயே இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தே கொண்டுவந்தோம். இன்றும் ஓடுகிறது. அத்தான் அதைப்பற்றி என்னிடம் ஒருபோதும் கதைத்ததில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த தைப்பொங்கலுக்கு அவரே போன் எடுத்து, “மெசின் எப்பிடிப் போகுது?” என்று கேட்டார்.

நொச்சிமோட்டைத் தங்கைக்கு இவ்வளவையும் சொல்லி, கடைக்கு எடுத்து 23 எண்ணையும் கேட்கச் செய்தேன். என்னுடைய போனிலேயே எடுத்தாள். முதல் நாள் தரவில்லை. இரண்டாம் நாள் தந்தார்கள். அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறாள். இதை எழுதும்போது அவருடைய வங்கியின் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் அண்ணன் அன்றிரவே எடுத்து ஒரு மணித்தியாலம் கதைத்தாராம்.

அக்காவுடைய அட்டை சென்ற வருடம் திரும்பவும் மாறியது. காலாவதியாகிவிட்டதாம். சொல்ல வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. ஆனாலும் போன் எடுத்து, “கடைசி நாலு நம்பரையும் எழுதி வை” என்றார். பழைய கொப்பியை எடுத்து, வெட்டிய அட்டையின் நான்கு எண்களுக்குக் கீழே, அதற்குப் பிறகு வந்ததின் நான்கு எண்களுக்கும் கீழே, அதையும் எழுதினேன்.